முழங்கைக்குக் கீழே ஐந்து சொல்

வந்த புதிதில் நாளைக்கு ஐம்பது சொல் விழுங்கினேன்.
விடிந்தால் ஒன்றும் மிஞ்சாது,
கண் பெருத்த வலையில் நெத்திலி போல.

இப்போது ஐந்துதான்.
ரப்பர் கையுறைக்கு மேலே, முழங்கைக்குக் கீழே,
நீரில் அழியாத பேனாவால் எழுதிக்கொள்கிறேன்.
ஹாடக் மீனின் முதுகெலும்பை ஒட்டிக் கத்தி ஓடும்போது
உதட்டுக்குள் ஒருமுறை.
பத்து மணித் தேநீரில், கையைப் பார்க்காமல், ஒருமுறை.
ஷிப்ட் முடிந்து சோப்பு போடும் முன் இன்னொரு முறை.
பிறகு இரண்டு நாள் தொடுவதில்லை.
தூங்கப்போகிற நேரம் பார்த்துத்தான் கதவைத் தட்ட வேண்டும்;
விழித்திருக்கும் வீட்டைத் தட்டி என்ன பயன்?

லியெபாயாவில் வாங்கிய பாடப்புத்தகத்தில்
ஒரு கனவான் தொப்பியைத் தூக்கி நலம் விசாரிப்பார்.
பீட்டர்ஹெட்டில் தொப்பியைக் காற்றுதான் தூக்கும்.
"ஃபிட் லைக்?" என்றாள் மொராக்,
மீன்பெட்டியை இடுப்பால் தள்ளிக்கொண்டே.
இங்கே 'நலமா' என்பது அப்படி.
உடல்தகுதியைக் கேட்கிறாள் என்று
என் முதுகுவலியை விவரமாகச் சொன்னேன்.
மறுநாள், "ஃபார் யி ஃபே?"
ஃபார் என்றால் தூரம். அது தெரியும்.
"ஆமாம், ரொம்பத் தூரம்" என்றேன்.
எந்த ஊர் என்று கேட்டிருக்கிறாள்.
வரிசை முழுதும் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தது.
பதில் ஒன்றும் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அன்றிரவு ஒரு நோட்டுப் போட்டேன், பிழைகளுக்கென்றே.
இடப்பக்கம் நான் சொன்னது.
வலப்பக்கம் அவர்கள் சொல்வது.
அடியில், யார் சிரித்தார்கள் என்று.
சிரிப்பு வாங்கிய பிழை திரும்ப வந்ததில்லை.
எவரும் கண்டுகொள்ளாத பிழைகள்தான்
வாடகை தராமல் வாயில் குடியிருக்கின்றன.

'தி' என்றொரு குட்டிச் சொல். லாட்விய மொழியில் அது கிடையாது.
முதலில் உப்புப்போல எல்லாவற்றிலும் தூவினேன்.
பிறகு எதிலும் போடவில்லை.
விதிகளைப் படித்தேன்; விதிக்கு விதி விலக்கு.
கடைசியில் சொல்லை விட்டுவிட்டு
வாக்கியத்தைப் பிடிக்கத் தொடங்கினேன், தலையும் வாலுமாக.
மீன் அறுப்பவள் சொல்கிறேன்:
துண்டைப் பார்த்து மீனைச் சொல்வது கடினம்.

விடியும் முன் ரேடியோவில் கப்பல்களுக்கு வானிலை.
அவசரமே அறியாத குரல்.
குரோமார்ட்டி, ஃபோர்த், டைன், டாகர்...
கெட்டிலில் தண்ணீர் பிடித்தபடி
அந்தக் குரலுக்கு அரை மூச்சு பின்னால்
நானும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவேன்.
பொருள் மெதுவாக வரட்டும், தாடை முதலில் பழகட்டும்.
பார்வைத் தெளிவு: சுமார், அவ்வப்போது நன்று.
பக்கத்து அறை டோரினெல் சுவரைத் தட்டுவான்.
அவனுக்கும் இப்போது டாகர் வரை மனப்பாடம்.

நவம்பர் சம்பளச் சீட்டில் மூன்று மணி நேரம் காணோம்.
ஞாயிறு முழுதும் குளியலறைக் கண்ணாடி முன்
நான்கு வாக்கியம்.
திங்கள் அலுவலகத்தில் முதலாவது வந்தது.
இரண்டாவது, கொஞ்சம் நொண்டி, வந்தது.
மூன்றாவது தொண்டையில் முள்.
சட்டைக்கையை ஏற்றிக் கையை மேசைமேல் நீட்டினேன்.
அன்றைய ஐந்து சொற்கள் அங்கே இருந்தன,
மூன்று, மணி, காணோம், பாருங்கள், தயவுசெய்து.
அந்தப் பெண் கடிதம் படிப்பதுபோல் என் கையைப் படித்தாள்.
கணினியைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை பணம் வந்தது.

நோட்டில் எழுதினேன்: வாயால் கேட்டு முடிக்கவில்லை.
அடியில்: யாரும் சிரிக்கவில்லை.

இன்று காலை பனிக்கட்டிக் குவியலுக்கு அப்பாலிருந்து
மொராக், "ஃபிட் லைக், விஸ்மா?"
யோசிக்கவே இல்லை.
ரேடியோக் குரலில், அதே நிதானத்தில், வந்துவிட்டது:
"சுமார். அவ்வப்போது நன்று."

ஒரு கணம் கத்திகள் நின்றன.
பிறகு வரிசை முழுதும் சிரித்தது.

இந்தச் சிரிப்பை
நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது?